புல்லின் மணியைப் பார்த்து இனம் அறிவது எப்படி? சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இங்குள்ள கேள்விகள் மூன்று வகையினரிடமிருந்து வருகின்றன. தாவரவியல் படிக்கும் மாணவர்கள் ஒரு பக்கம். சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் சிறுதானியம் விதைப்பவர்கள் இன்னொரு பக்கம். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் தானியம் வாங்கிவந்து, "இது சாமைதானா?" என்று சந்தேகப்படுபவர்கள் மூன்றாம் வகை. மூவருக்கும் வேண்டிய கருவிகள் ஒன்றுதான்: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், ஊசி, மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாள், ஒரு கிண்ணம் தண்ணீர்.

புல்லை அடையாளம் காணக் கதிர் இருக்கிறதே, மணி எதற்கு?

முழுச் செடியும் கதிரோடு கையில் இருந்தால் கதிரைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மணி தனியாக வந்து சேரும் இடங்கள் ஏராளம். விதை மூட்டையில் களை மணி கலந்திருக்கும். ஆட்டுப் புழுக்கையில் செரிக்காத மணி கிடைக்கும். அகழாய்வுக் குழியில் கரிந்த மணி வரும். எறும்புப் புற்றின் வாசலைப் பாருங்கள்: உள்ளே கொண்டுபோன மணியின் உமியை எறும்புகள் வெளியே வட்டமாகக் கொட்டி வைத்திருக்கும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னென்ன புல் விளைகிறது என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடையாது.

இலையின் நீளமும் தூரின் உயரமும் மேய்ச்சலாலும் மண்ணாலும் தாறுமாறாக மாறும். மணி உமிக்குள் அடைபட்டு வளர்வதால் அதன் வடிவம் அவ்வளவாக மாறுவதில்லை. அளவு மாறும், நிறமும் மாறும். அதனால்தான் இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்கிறேன்: நிறத்தையும் பருமனையும் கடைசியில் பாருங்கள், உமி, கரு, தழும்பு (விதை கனித்தோலோடு ஒட்டியிருந்த தடம்) ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

மணி என்பது விதையா, கனியா?

கனி. நெல்லோ சோளமோ, நாம் விதை என்று சொல்வது உண்மையில் ஒரு முழுக் கனி. கனித்தோலும் விதையுறையும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருப்பதால் பிரித்தெடுக்க முடியாது. தாவரவியலில் இதைக் காரியாப்சிஸ் என்கிறார்கள். அரிசி ஆலையில் தவிடாகப் போவது இந்த ஒட்டிய தோலும், அதன் கீழுள்ள ஒரு படலமும், கருவும்தான்.

விதிவிலக்குகள் சுவாரசியமானவை. ராகியிலும் அதன் பேரினத்துக் களைகளிலும் கனித்தோல் விதையோடு ஒட்டாமல் மெல்லிய பை போலத் தளர்வாக இருக்கும். எலூசினி இண்டிகா என்ற களையின் மணியைத் தண்ணீரில் ஊறவைத்து ஊசியால் கீறினால் தோல் தனியே உரிந்து வரும். ஸ்போரோபோலஸ் என்ற பேரினத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. மழை பட்டதும் கனித்தோல் வழவழப்பாகிப் பிதுங்கி விதையை வெளியே தள்ளிவிடும். விதை கதிரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். சேலத்தில் ஐப்பசி மழை நின்ற மறுநாள் காலையில் ஸ்போரோபோலஸ் நிற்கும் வரப்பில் லென்ஸோடு உட்கார்ந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். "தோல் ஒட்டியிருக்கிறதா, கழன்று வருகிறதா" என்ற ஒரே சோதனை பல பேரினங்களை ஒதுக்கிவிட உதவும்.

மணியில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது?

கரு இருக்கும் பக்கம் முதுகு. விதை கனித்தோலோடு ஒட்டியிருந்த தடம், அதாவது தழும்பு, இருக்கும் பக்கம் வயிறு. புல்லின் சிறுபூவை மூடும் இரண்டு உமிகளில் வெளியுமி லெம்மா, உள்ளுமி பேலியா. கரு எப்போதும் லெம்மாவை நோக்கியும் தழும்பு பேலியாவை நோக்கியும் இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் உமியோடு இருக்கும் மணியையும் தடுமாறாமல் திருப்பிப் பார்க்கலாம்.

இரவு முழுவதும் ஊறவைத்த மணியில் கருவின் எல்லை தெளிவாகத் தெரியும். காய்ந்த மணியைப் பார்த்துக் கருவின் நீளத்தை ஊகிக்காதீர்கள்.

கருவின் அளவுக்கும் தழும்பின் வடிவத்துக்கும் ஏன் இவ்வளவு மரியாதை?

உலகில் ஏறக்குறைய 12,000 புல்லினங்கள் உள்ளன. அவற்றை 12 துணைக்குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பெரிய பிரிவுகளின் சாயல் ஒரு மணியிலேயே தெரிகிறது என்பதுதான் விஷயம்.

சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோதுமை, உடைக்காத கைக்குத்தல் அரிசி, கம்பு ஆகியவற்றை ஊறவைத்து அருகருகே வையுங்கள். கோதுமையில் கரு அடியில் ஓர் ஓரமாகச் சிறிதாக இருக்கும். மணியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. வயிற்றுப் பள்ளத்துக்குள் தழும்பு நீண்ட கோடாக ஓடும். அரிசியிலும் கரு சிறியது, தழும்பு நீண்ட கோடு. கம்பில் கதையே வேறு: கரு முதுகின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும், தழும்பு அடியில் ஒரு புள்ளியாக மட்டுமே இருக்கும். மக்காச்சோளமும் சோளமும் கம்பின் பக்கம். கோதுமையின் பக்கம் நிற்பவை ஓட்ஸும் பார்லியும்.

தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் 1814-இல் புற்களை இரண்டு பெரும் பிரிவாகப் பிரித்தபோது சிறுகதிரின், அதாவது கதிரில் சிறுபூக்கள் அமர்ந்த சிறு கொத்தின், அமைப்பைக் கொண்டு பிரித்தார். ஒரு பிரிவு வெப்ப நாடுகளில் மிகுதி என்பதையும் கவனித்திருந்தார். பின்னால் வந்தவர்கள் கருவை நெடுக்காக அறுத்துப் பார்த்தார்கள். 1957-இல் அமெரிக்கரான ஜான் ரீடர் கருவின் உள்ளமைப்பை நான்கு குறிகளில் எழுதும் சூத்திரம் ஒன்றை வகுத்தார். கருவின் நரம்பு முளைக்குருத்து உறைக்குப் போகுமுன் இடையில் ஒரு தண்டுப் பகுதி நீள்கிறதா. எபிபிளாஸ்ட் என்ற சிறு மடல் இருக்கிறதா. மாவுப் பகுதியை ஒட்டியுள்ள ஸ்குட்டெல்லம் என்ற கேடயம் போன்ற பகுதியின் அடியில் பிளவு உண்டா. முதல் இலையின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா, தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கின்றனவா? இந்த நான்குக்கும், கோதுமை வகை என்றால் எஃப், கம்பு வகை என்றால் பி, எபிபிளாஸ்டுக்கு மட்டும் + அல்லது − என்று விடை எழுதினால் கோதுமைக்கு எஃப்+எஃப்எஃப் என்றும், கம்புக்கும் மக்காச்சோளத்துக்கும் பி−பிபி என்றும், ராகிக்கு பி+பிஎஃப் என்றும் வரும். ராகி இரண்டுக்கும் நடுவே தனி வழி போகிறது, பாருங்கள். அது குளோரிடாய்டு துணைக்குடும்பம். அருகம்புல்லும் அதில்தான் அடங்கும்.

சூத்திரத்துக்கு மெல்லிய வெட்டும் நுண்ணோக்கியும் வேண்டும். கருவின் நீளத்துக்கும் தழும்புக்கும் லென்ஸ் போதும்.

கடையில் வாங்கும் சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு: எதை எதிலிருந்து எப்படிப் பிரிப்பது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. உமியோடு இருந்தால் எளிது, தீட்டியபின் கடினம், நன்றாகத் தீட்டிவிட்டால் சில சமயம் முடியவே முடியாது. ஐந்தும் கம்பு சேர்ந்த பானிகாய்டு துணைக்குடும்பமே. அதனால் தழும்பு எல்லாவற்றிலும் அடியில் சிறிதாகத்தான் இருக்கும். அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் பிரிக்க இயலாது.

உமியோடு பார்க்கும்போது வரகைத்தான் முதலில் ஒதுக்கலாம். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. பிளந்த துவரம்பருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிற உமி தோல் போல் தடித்திருக்கும். லென்ஸில் நுண்புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரியும். வரகை உடைத்து அரிசியாக்குவது ஏன் அவ்வளவு பாடு என்பது அந்த உமியை நகத்தால் கிள்ளிப் பார்த்தாலே புரியும்.

குதிரைவாலியின் உமி வழவழப்பாக மின்னும். ஒரு பக்கம் உப்பியிருக்கும். நுனியில் சிறு கூர் ஒன்று தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். தினையின் உமி மின்னாது. லென்ஸில் அதன்மேல் நுண்ணிய மேடுகள் தெரியும். சாமைக்கும் பனிவரகுக்கும் உமி வழவழப்புத்தான், இரண்டும் ஒரே பேரினமான பானிகம். ஆனால் பனிவரகு பெரியது, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வரும். சாமை அதைவிடச் சிறுத்து, நீள்வட்டமாக, நெடுக்குக் கோடுகளோடு இருக்கும்.

உமி போய், ஆனால் தீட்டாத அரிசி என்றால் கருவுக்கு வாருங்கள். தினையில் கரு மணியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஏறும். குதிரைவாலியில் இன்னும் மேலே போகும். சாமையிலும் பனிவரகிலும் பாதியை ஒட்டி நின்றுவிடும். இது ஒன்றே தினைக்கும் சாமைக்குமான வழக்கைத் தீர்த்துவிடும். நிறத்தை நம்பினால் ஏமாறுவீர்கள்: தினை மஞ்சள் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் வெளிறிய தினை வகைகளும் உண்டு.

வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியில் கருவே உதிர்ந்திருக்கும். கரு இருந்த பள்ளம் மிச்சமிருந்தால் அதன் நீளத்தை அளக்கலாம். அதுவும் தேய்ந்திருந்தால் கடைக்காரர் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. என் கருத்தில், சிறுதானியம் வாங்குபவர் அவ்வளவு தீட்டியதை வாங்கவே கூடாது, அடையாளத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

ராகி நாற்றங்காலில் ராகி போலவே ஒரு புல் வருகிறதே?

எலூசினி இண்டிகாவாக இருக்கும். ராகிக்கு நெருங்கிய உறவு. கதிர் விரல்கள் விரிவதும் அப்படியே. இளம்பயிரில் பிரிப்பது சிரமம். மணியில் சிரமமே இல்லை. ராகி மணி உருண்டை. களையின் மணி நீள்சதுரமாக, மூன்று முகமாக, மேலே சாய்ந்த நுண்வரிகளோடு கருத்த பழுப்பில் இருக்கும். விதைக்கு எடுத்து வைக்கும் ராகியை முறத்தில் கொழித்து, அடியில் தங்கும் சிறுமணிகளை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்துவிட்டு விதைப்பது நல்லது. விதைப் பரிசோதனை நிலையங்களில் தூய்மைச் சோதனை என்று செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்.

காக்காய்க்கால் புல்லும் அதே வயலில் வரும். அதன் மணி சிவந்த பழுப்பு, குறுக்குச் சுருக்கங்கள் ஆழமாக விழுந்திருக்கும். அதை எதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

மூங்கில் அரிசி என்று விற்கிறார்கள். உண்மையா என்று மணியைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியும். மூங்கிலும் புல்தான். முள்மூங்கில் நாற்பது ஆண்டுகளை ஒட்டி ஒரே சமயத்தில் பூத்துக் காய்த்து மடியும். அதனால் அதன் அரிசி ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாகக் கிடைக்க வாய்ப்பில்லை. மணி நீண்டு, வயிற்றுப் பக்கத்தில் நெடுக்குப் பள்ளத்தோடு, பார்வைக்குச் சிறிய கோதுமைக்குப் பக்கத்தில் வரும். கல்மூங்கில் எனப்படும் டெண்ட்ரோகலாமஸ் ஸ்டிரிக்டஸின் மணி சற்று உருண்டு, நுனியில் அலகு போன்ற முனையோடு இருக்கும்.

நெல்லரிசி பக்கவாட்டில் தட்டையானது. அதில் ஆழமான பள்ளம் கிடையாது. அடியில் ஓர் ஓரம் கரு இருந்த இடம் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். பச்சை நிறத்தில் பளபளக்கும் "மூங்கில் அரிசி" கண்ணில் பட்டால் இந்த அடையாளங்களைப் பாருங்கள். மூங்கில் சாற்றில் நனைத்த நெல்லரிசியும் அந்தப் பெயரில் விற்பனைக்கு வருவது உண்டு.

ஜவ்வரிசியும் தானியமா?

இல்லை. மரவள்ளிக் கிழங்கின் மாவு. சேலத்தில் இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆனால் மக்காச்சோள மாவு கலப்பதாக எழும் புகாரை ஒட்டி ஒரு நல்ல கேள்வி வருகிறது: அயோடின் ஊற்றினால் தெரியுமா? தெரியாது. இரண்டும் ஸ்டார்ச், இரண்டும் கருநீலமாகும். நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மரவள்ளியின் மாவுத்துகள் உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டியது போல இருக்கும். மக்காச்சோளத்தின் துகள் பல முகங்களோடு, நடுவில் விரிசலோடு இருக்கும். வறுத்து ஜவ்வரிசியான பிறகு துகள்கள் உப்பி உருமாறிவிடும். ஈரமாவாக இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

புல் வகைப்பாட்டிலும் இதே மாவுத்துகள் சாட்சி சொல்லும். நெல்லிலும் ஓட்ஸிலும் பல சிறு துகள்கள் சேர்ந்து ஒரு கூட்டுத்துகளாக இருக்கும். கோதுமையில் தனித்தனித் துகள்கள், பெரிதும் சிறிதுமாக இரண்டு அளவுகளில். 1962-இல் ஜப்பானியரான தடேயோகா இந்த வேறுபாடுகளை வைத்துப் புற்களை ஒழுங்குபடுத்தினார்.

சேலத்திலும் ஏற்காட்டிலும் எங்கே, எப்போது சேகரிக்கலாம்?

சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை எட்டுகிறது. ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் இவ்வளவு உயர வேறுபாடு கிடைப்பது நம் அதிர்ஷ்டம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து தை வரை பெரும்பாலான புற்கள் முற்றிய மணியோடு நிற்கும்.

சமவெளியில் சாலையோரத்தில் ஊதாக் கதிரோடு நிற்பது குளோரிஸ் பார்பேட்டா. அதன் மணி மெலிந்து இருமுனையும் குறுகியது. வேட்டியிலும் புடவையிலும் கதிரோடு ஒட்டிக்கொண்டு வருவது செடேரியா வெர்டிசில்லேட்டா, தினையின் காட்டு உறவு. அதன் முட்களில் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு, லெம்மாவில் குறுக்குச் சுருக்கங்கள் தெரியும். கொழுக்கட்டைப் புல்லில் மணி முட்கூட்டத்துக்குள் மறைந்திருக்கும். அருகம்புல்லில் மணி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது பெரும்பாலும் ஓடுதண்டிலேயே பெருகுகிறது.

மலையேறியதும் காபித் தோட்ட நிழலில் ஓப்லிஸ்மெனஸ் என்ற புல் இருக்கும். அதன் கூரில் பசை; கால்சட்டையில் வரிசையாக ஒட்டிக்கொண்டு வந்தால் அதுதான். வெயில் விழும் சரிவுகளில் ஊசிப்புல். அதன் மணியைவிட அதைச் சுமக்கும் உமிதான் அதிசயம்: அடிமுனை ஊசி, மேலே நீண்ட கூர். ஈரம் ஏறி இறங்கும்போது கூர் முறுக்கிக்கொண்டும் அவிழ்ந்தும் மணியை மண்ணுக்குள் துளைத்து இறக்குகிறது. ஆட்டுத் தோலுக்குள்ளும் இதே கணக்கில் இறங்கும் என்பதை மேய்ப்பவர்கள் அறிவார்கள்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் பறிக்காதீர்கள். தோட்டங்களில் உரிமையாளரைக் கேட்டுவிட்டுப் போங்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டம் இருக்கிறது. ஆனால் அங்கே ஆர்க்கிட்தான் நாயகம், புல்லுக்கு அவ்வளவு மரியாதை எதிர்பார்க்க வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க உலர்தாவர மாதிரிகள் வேண்டுமானால் அதே நிறுவனத்தின் கோயம்புத்தூர் தென்மண்டல அலுவலகத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்குப் போக வேண்டும். நூல் கேட்பவர்களுக்கு: ரங்காச்சாரியார் 1921-இல் வெளியிட்ட தென்னிந்தியப் புற்கள் கையேடு பழையது, பெயர்கள் பல மாறிவிட்டன. ஆனாலும் தொடங்குபவருக்கு அதன் படங்கள் இன்றும் உதவும்.

அகழாய்வில் கிடைக்கும் கரிந்த மணிகளை இப்படித்தான் அடையாளம் காண்கிறார்களா?

ஆம், ஆனால் கூடுதல் கவனத்தோடு. தீயில் மணி நீளத்தில் சுருங்கி அகலத்தில் உப்பும். அதனால் சமவெளி ஊர்ச் சந்தையில் வாங்கிய மணியின் அளவோடு நேராக ஒப்பிடக் கூடாது. கரு பெரும்பாலும் உதிர்ந்துபோய், அது இருந்த பள்ளம் மட்டும் நிற்கும். அந்தப் பள்ளம் மணியின் நீளத்தில் எத்தனை பங்கு என்பதே சிறுதானியங்களைப் பிரிக்கும் முதல் அளவுகோல். உமியின் சிறு துணுக்கு ஒட்டியிருந்தால் அது பெரும் பேறு.

இந்த முறையில்தான் கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் தென்னகப் புதிய கற்கால மக்கள் பிராக்கியேரியா ராமோசா என்ற சிறுதானியப் புல்லையும் செடேரியா வெர்டிசில்லேட்டாவையும் உணவாகக் கொண்டது தொல்தாவரவியலாளர் டோரியன் ஃபுல்லரின் ஆய்வுகளில் தெரியவந்தது. இன்று வேட்டியிலிருந்து பிடுங்கி எறிகிறோமே, அந்தச் செடேரியாதான். தமிழ்நாட்டில் பழனி அருகே பொருந்தலில் ஜாடிக்குள் கிடைத்த நெல் கி.மு. 490 அளவுக்குக் காலக்கணிப்புச் செய்யப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த நெல் கி.மு. 1155. மணியே எரிந்து மறைந்த இடத்திலும் உமியின் சிலிக்கா துகள்கள் மண்ணில் தங்கும்; தினைக்கும் பனிவரகுக்கும் அவற்றின் வடிவம் வேறு.

மரபணுச் சோதனை வந்தபின் இதெல்லாம் தேவையா?

மரபணு ஆய்வு மணியைப் பொய்யாக்கவில்லை, திருத்தியது. 2001-இல் புல் வம்சாவளி ஆய்வுக் குழு வெளியிட்ட வகைப்பாட்டில் மரபணுவோடு மணியின் பண்புகளும் சேர்த்தே கணக்கிடப்பட்டன. நீண்ட தழும்புள்ள கோதுமை, நெல், மூங்கில் ஆகியவை ஒரே பெருங்கிளையில் வந்து சேர்ந்தன. ஆனால் அதே கிளையில் உள்ள போவா என்ற பேரினத்துக்குத் தழும்பு சிறியது. ஆகவே நீண்ட தழும்பைக் கண்டால் ஓரளவு துணிந்து சொல்லலாம். புள்ளித் தழும்பைக் கண்டு மட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரே பேரினத்துக்குள் உள்ள இனங்களைப் பிரிக்கும்போது, குறிப்பாக டிஜிடேரியாவிலும் எராக்ராஸ்டிஸிலும், லென்ஸ் கைவிரித்துவிடும். அங்கே மின்னணு நுண்ணோக்கியில் தெரியும் மேற்பரப்பு வரிகளோ மரபணுவோதான் துணை.

எத்தனை மணிகளை அளக்க வேண்டும்?

ஒரு மணியை அளந்து பெயர் சொல்பவரை நம்ப வேண்டாம். கதிரின் நுனியிலும் அடியிலும் மணி சிறுக்கும், நடுக்கதிரிலிருந்து எடுங்கள். பல செடிகளிலிருந்து சேர்த்து முப்பது மணிகளாவது நீளம், அகலம், தடிமன், கருவின் நீளம் என்று அளந்து, சராசரியைவிட விகிதத்தைப் பாருங்கள். வறட்சியில் மணி சிறுத்தாலும் கருவுக்கும் மணிக்குமான விகிதம் அவ்வளவாக அசையாது.

முற்றாத மணி காய்ந்ததும் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை இனத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டால் எல்லாம் கெட்டது. சோளம், கம்பு, மக்காச்சோளத்தில் தழும்பருகே கருப்புப் படலம் வந்திருந்தால் மணி முற்றிவிட்டது. மற்றவற்றில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பால் வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மணிகளைத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் பதரை நீக்குங்கள்.

சேகரித்ததை எப்படி வைப்பது?

நிழலில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஏற்காட்டு ஈரத்தில் இரண்டே வாரத்தில் பூசணம் பிடிக்கும். உமியோடு பாதி, உமி நீக்கிப் பாதி என்று இரண்டு உறைகள் வையுங்கள். உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள்: ஊர், உயரம், தேதி, நிலத்தின் தன்மை, மணி கதிரிலிருந்து எப்படி உதிர்ந்தது என்ற குறிப்பு. கடைசிக் குறிப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பானிகாய்டு புற்களில் சிறுகதிர் முழுதாக உமிச்செதில்களோடு சேர்ந்து விழும். குளோரிடாய்டு புற்களிலும், கோதுமை சேர்ந்த பூவாய்டு புற்களிலும் பெரும்பாலும் செதில்கள் கதிரிலேயே தங்க, உள்ளிருப்பது மட்டும் விழும். அதே செடியின் கதிர் ஒன்றையும் அழுத்தி உலர்த்தி, ஒரே எண்ணிட்டு உறையோடு சேர்த்து வையுங்கள்.